ஜீப்பில் போட்ட கட்டில்

அன்று காலை ஜீப்காரர் தன் மனைவியிடம் நாலாவது தடவையாகக் கெஞ்சிப் பார்த்தார். அவளும் நாலாவது தடவையாக மாட்டேன் என்றாள்.

"நாளைக்கு ஒரே ஒரு நாள் வாயேன். திங்கக்கிழமையும் போகல. காலப் பாரு, எப்படி வீங்கிக் கெடக்குன்னு. அந்த நர்ஸம்மா ரெண்டு வாட்டி போன் பண்ணிட்டாங்க."

"வரலங்க."

"ஏன்னாவது சொல்லித் தொலையேன்."

"போனா முடியாமப் போகுது. வீட்ல கெடந்தா நல்லாயிருக்கு. இதுக்கு மேல என்னத்தச் சொல்ல?"

அவளுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு எட்டு மாதம் ஆகிறது. வாரத்தில் இரண்டு நாள், ஆற்றுப்படுகையைக் கடந்து, மலையிறங்கி, இரண்டு மணி நேரப் பயணத்தில் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், நாலு மணி நேரம் மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். முதல் ஆறு மாதம் ஒழுங்காகத்தான் போய் வந்தாள். கடைசி இரண்டு மாதமாகத்தான் இந்தக் கூத்து. ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நிற்கும்போதே அவளுக்குத் தலை தொங்கிவிடுகிறது. திரும்பி வந்து வீட்டில் இறங்கினால் வாந்தி, மண்டையைப் பிளக்கிற வலி. டாக்டர் மருந்தை மாற்றினார், மெஷினின் வேகத்தைக் குறைத்தார். ஒன்றும் வேலைக்காகவில்லை. திங்கட்கிழமை காலையில் அவள் சுவர்ப்பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டு, இனிமேல் என்னை எங்கேயும் கூப்பிடாதீர்கள் என்று சொல்லிவிட்டாள்.

மெஷினுக்குப் போகாவிட்டால் எத்தனை நாள் தாங்கும் என்று ஜீப்காரர் டாக்டரிடம் போனில் கேட்டார். டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள் என்றார். அவள் கடைசியாகப் போனது போன வியாழக்கிழமை. அதில் ஆறு நாள் போய்விட்டது.

"சரி, என்னதான் உனக்கு ஒத்துக்கல? அதையாவது சொல்லு" என்று அவர் கட்டிலோரம் குந்தி உட்கார்ந்தார்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு, "அந்த வண்டிச் சத்தம்" என்றாள். "மண்டைக்குள்ளயே வந்து உக்காந்துக்குது."

ஜீப்காரருக்கு அது போதும். ஒரு காரணம் கிடைத்துவிட்டது, அதுவும் ஸ்பேனரால் சரிசெய்யக்கூடிய காரணம். பக்கத்து வீட்டு அம்மாளை உட்கார வைத்துவிட்டு, சட்டைப் பொத்தானைக்கூடச் சரியாகப் போடாமல் வண்டியைக் கிளப்பினார்.

சத்தம் என்றால் சாதாரணச் சத்தமில்லை. முப்பது வருஷத்து ஜீப். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற பழைய முரடு. இரண்டு மாதத்துக்கு முன்பு ஆற்றுப்படுகைப் பாறையில் அடி வாங்கியதிலிருந்து, இன்ஜினும் சைலன்சர் குழாயும் சேருகிற இடம் விட்டுப்போய், தெருமுனையில் திரும்பும்போதே ஊர் நாய்களெல்லாம் எழுந்து நிற்கும். ஜீப்காரர் அதற்குத் தன் கைவரிசையைக் காட்டியிருந்தார். பால்பவுடர் டப்பாவை வெட்டிச் சுற்றி, கம்பி போட்டு இறுக்கியிருந்தார். இரண்டு நாள் தாங்கியது. அப்புறம் டப்பாவும் சேர்ந்து சத்தம் போட்டது.

ஆனால் அந்த வண்டிக்குள் இருந்த கட்டிலைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் ஜீப்காரர் கோபித்துக்கொள்வார். பாறையில் அடி வாங்குவதற்குச் சில நாள் முன்னால்தான், மனைவி குலுங்கிக் குலுங்கிப் போக வேண்டாமென்று, பின்பக்க பெஞ்சைக் கழற்றி எறிந்துவிட்டு, இரும்புக் குழாயில் அவரே வளைத்து, அவரே வெல்டிங் வைத்து, தரையில் போல்ட்டு முடுக்கி ஒரு கட்டில் போட்டிருந்தார். மேலே நல்ல மெத்தை. தூசியும் குளிர்காற்றும் அவள்மேல் படாதபடி பின்பக்கம் முழுக்கக் கெட்டியான பிளாஸ்டிக் ஷீட். ஒரு பொத்தல் விடாமல் அடைத்திருந்தார். அன்றைக்கு அக்கம்பக்கத்தார் எல்லாரும் வந்து பார்த்தார்கள். ஆம்புலன்ஸ் தோற்றது என்று ஒருவர் சொன்னதை அவர் இன்றுவரை நாலு பேரிடமாவது திருப்பிச் சொல்லியிருப்பார்.

பட்டறை அவருடைய மைத்துனனுடையது, மனைவியின் ஒரே தம்பி. நல்ல வேலைக்காரன். ஆனால் எந்த வண்டி வந்தாலும் 'நாளைக்கு வாங்க' என்பான். அதனால் ஊரில் அவனுக்குப் பெயரே 'நாளைக்கு' என்று ஆகிவிட்டது. மேகம் மூடிக்கிடந்த அந்தக் காலையில், தகரக் கூரைக்குக் கீழே கிளாஸில் டீயை ஆற்றிக்கொண்டிருந்தவன், ஜீப் திரும்பிய சத்தத்திலேயே காதைப் பொத்திக்கொண்டான்.

"என்ன மாமா, போருக்குக் கெளம்பிட்டீங்களா?"

"வாய மூடுடா. இன்னிக்கே இந்தச் சத்தம் நிக்கணும். உங்கக்கா நாளைக்கு வரமாட்டேங்குறா. சத்தம் ஒத்துக்கலயாம்."

"நாளைக்கு..." என்று பழக்கதோஷத்தில் ஆரம்பித்தவன் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினான். "திங்கக்கிழமையும் போகலயா?"

"போகல."

டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தான். ஜீப்பை, வண்டிக்கு அடியில் நின்று வேலை பார்க்கிற குழிமேல் ஏற்றச் சொன்னான். விளக்கை எடுத்துக்கொண்டு குழிக்குள் இறங்கினான். கீழேயிருந்து ஒரு சிரிப்பு வந்தது.

"பால்பவுடர் டப்பா! அடடா மாமா, இன்னும் ரெண்டு ஸ்பூன் மிச்சம் இருக்கும்போல."

"நீதானடா போன்ல சொன்ன, இப்போதைக்குக் கம்பி போட்டுக் கட்டுங்கன்னு."

"சொன்னேன், சொன்னேன். டப்பாவ நான் சொல்லல."

விளக்கு வெளிச்சம் மட்டும் முன்னும் பின்னும் நகர்ந்தது. ஒரு இடத்தில் நின்றது. வெகுநேரம் அங்கேயே நின்றது.

"மாமா, இங்க குழாயத் தாங்கிப் புடிக்க ரப்பர் வெச்ச ஒரு பட்டை இருக்குமே, எங்க?"

"அதுவா? கட்டில் போல்ட்டு சரியா அந்த எடத்துல வந்துச்சு. கழட்டிட்டேன். சும்மாத்தானே தொங்கிட்டு இருந்துச்சு."

விளக்கு இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனது.

"இந்த நாலு ஓட்டை?"

"மொதல்ல அளவு தப்பாப் போட்டுட்டேன். அப்புறம் தள்ளிப் போட்டேன். மேல மெத்தை இருக்கே, தெரியாது."

"மேல ஏறிப் போங்க" என்றான் மைத்துனன். குரல் மாறியிருந்தது. "மெத்தையத் தூக்குங்க. என் விரல் எங்க வருதுன்னு பாத்துச் சொல்லுங்க."

ஜீப்காரர் பின்பக்கமாக ஏறி, பிளாஸ்டிக் ஷீட்டை விலக்கிக்கொண்டு உள்ளே குனிந்தார். மெத்தையைத் தூக்கினார். காலடிப் பக்கம் ஒன்றுமில்லை. நடுவில் ஒன்றுமில்லை. தலைமாட்டில் தலையணையை நகர்த்தினார். அங்கே, தரைத் தகட்டிலிருந்து, கரி அப்பிய ஒரு விரல் மேலே நீட்டிக்கொண்டிருந்தது. அவர் பார்க்கப் பார்க்க அது மெதுவாக அசைந்தது. மெத்தையின் அடித்துணியில் அந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பு வட்டம் படிந்திருந்தது.

"எங்க மாமா வருது?"

ஜீப்காரர் அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மைத்துனன் குழியிலிருந்து ஏறி வந்தான். நெற்றியிலும் கன்னத்திலும் கரி. கையைக்கூடத் துடைக்காமல் கேட்டான்.

"அக்காவுக்கு வீட்ல இருக்கிறப்ப தலைவலி வருதா?"

"இல்ல."

"மெஷின்ல படுத்திருக்கிறப்ப?"

"அங்க போய்க் கொஞ்ச நேரத்துல தெளிஞ்சிடுறான்னு நர்ஸம்மா சொல்லும். எறங்குறப்பத்தான் மயக்கம். அப்புறம் வீட்டுக்கு வந்தா..."

"அப்புறம் வண்டியில ஏறுனா திரும்பவும்."

"ஆமா."

"நீங்க ஜன்னலத் தெறந்து போட்டுட்டு ஓட்டுவீங்க."

"ஆமா."

ஜீப்காரருக்கு அவ்வளவும் புரிந்துவிட்டது. கட்டிலுக்காகப் பட்டையைக் கழற்றினார். தாங்கிப் பிடிக்க ஆளில்லாமல் குழாயின் கனம் முழுக்க அந்த ஒரு இணைப்பில் தொங்கியது. ஒரு பாறை தட்டியதும் அது விட்டுப்போனது. இன்ஜின் கக்கிய புகை அவர் போட்ட ஓட்டை வழியாக மேலே ஏறியது. வெளியே போகாதபடி அவரே பிளாஸ்டிக் ஷீட் போட்டு அடைத்து வைத்திருந்தார். வாரம் இரண்டு நாள், போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம், அவர் பெண்டாட்டி அந்தப் புகையில் முகத்தை வைத்துக்கொண்டு படுத்திருந்தாள். நடுநடுவே இவர் முன்னாலிருந்து திரும்பி, 'கட்டில் சுகமா இருக்கா?' என்று வேறு கேட்பார். 'இருக்குங்க' என்பாள்.

அவர் கீழே இறங்கி, ஓரமாகக் கிடந்த ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்தார்.

"நான் கொன்னுருப்பேன்டா" என்றார்.

மைத்துனன் கத்துவான் என்று எதிர்பார்த்தார். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவனோ எதிரில் குந்தி உட்கார்ந்து தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான்.

"கம்பியக் கட்டுங்கன்னு சொன்னது யாரு? நானு. ஒரு வாட்டி வண்டியக் கொண்டாங்கன்னு சொல்லியிருக்கலாம். சோம்பேறித்தனம். இருக்கிறது ஒரே அக்கா."

கூரையில் நாலு துளி விழுந்து நின்றது. இவ்வளவு புகையை இரண்டு மாதம் குடித்துவிட்டு, அந்த உடம்போடு, காலையில் அவள் எழுந்து உட்கார்ந்து தன்னோடு வாயாடினாளே என்று ஜீப்காரருக்கு ஆச்சரியமாக இருந்தது. அது என்ன உயிர், அது எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று அவருக்கு விளங்கவேயில்லை.

அப்புறம் அவர் நர்ஸம்மாவுக்குப் போன் போட்டு, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். அந்தப் பக்கத்தில் அந்த அம்மாள் மூச்சை இழுத்தது கேட்டது.

"நாளைக்கு வரைக்கும் வெச்சுக்க வேணாம். இன்னிக்கு அஞ்சு மணிக்கு ஒரு மெஷின் காலியாகுது. நான் பிடிச்சு வைக்கிறேன். டாக்டர்கிட்டயும் புகை விஷயத்தச் சொல்லிடுறேன். கூட்டிட்டு வந்துடுங்க."

அந்த ஆற்றுப்படுகையில் இறங்கி ஏற வேறு வண்டி கிடையாது. மணி பத்து. மூன்று மணிக்குள் வீட்டிலிருந்து கிளம்பியாக வேண்டும்.

"முடியுமாடா?"

'நாளைக்கு' என்று பெயரெடுத்தவன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான்.

இருபத்திரண்டு வருஷமாக அந்த ஜீப்பை ஓட்டுகிறார். அதன் வயிற்றுப் பக்கத்தை அன்றைக்குத்தான் சரியாகப் பார்த்தார். விளக்கைப் பிடிக்க அவர்தான் குழிக்குள் நின்றார். இன்ஜினோடு குழாய் சேருகிற வாய், அவர் உள்ளங்கையில் அடங்கிவிடும். அதைப் பிடித்திருக்க வேண்டியது தலையில்லாத போல்ட்டு மாதிரி மூன்றே மூன்று ஸ்டட்டு. அதில் இரண்டு முறிந்து, முறிந்த கட்டைகள் உள்ளேயே இருந்தன. மூன்றாவது மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்திருந்தது.

"இந்தக் கட்டைங்க வந்துட்டாப் பாதி வேலை முடிஞ்சுது" என்றான் மைத்துனன். "உள்ளயே முறிஞ்சா இன்ஜின் பக்கத்து இந்த இரும்பு வார்ப்பையே மாத்தணும். இந்த வண்டிக்கு அது இப்ப எங்கயும் கெடைக்காது."

"அதனால மொரட்டுத்தனமாத் திருப்பாத."

"மாமா, வெளக்க மட்டும் புடிங்க."

முறிந்த கட்டையின் தலையில் ஒரு நட்டை வைத்து வெல்டு அடித்தான். ஆறவிட்டு ஸ்பேனரை மாட்டினான். நட்டு கழன்று கையோடு வந்தது. மறுபடியும் வைத்தான். அதுவும் வந்தது. மூன்றாவது தடவை வெல்டு வைத்துவிட்டு, சுற்றியுள்ள இரும்பை கேஸ் நெருப்பில் காய்ச்சினான். கறுப்பாக இருந்தது நீலமாகி, நீலம் மங்கி, மெல்ல மெல்லச் சிவந்தது. அந்த வெப்பம் ஜீப்காரரின் முகத்தில் அடித்தது. இதே நெருப்பைத்தானே முப்பது வருஷமாக இந்த இரும்பு ஒரு சத்தமுமில்லாமல் உள்ளே வைத்துக்கொண்டிருந்தது என்று நினைத்தார். நெருப்பை எடுத்ததும் மைத்துனன் ஒரு மெழுகுவர்த்தித் துண்டை அந்தக் கட்டையின் ஓரத்தில் தொட்டான். மெழுகு உருகி, வழியாமல், மரைக்குள் தானாக இறங்கியது. யாரோ உள்ளேயிருந்து உறிஞ்சுவதுபோல் போய்க்கொண்டேயிருந்தது.

"இவ்ளோ இடுக்குலயுமா போகும்?"

"எடம் இருக்கிற வரைக்கும் போகும்."

பிறகு ஸ்பேனர். ஒரு நூல் முன்னால், ஒரு நூல் பின்னால். கிரீச்சென்று ஒரு சின்னச் சத்தம். மறுபடியும் ஒரு நூல் முன்னால். அவன் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. ஆனால் கை பதறவில்லை. குழந்தையாக இருந்தபோது பல் விழுந்தால்கூட அக்காவிடம் ஓடிப்போய் அழுதவன் என்று இவனைப் பற்றி அவள் சொல்லியிருக்கிறாள். அந்தக் கையா இது என்று ஜீப்காரர் கண்கொட்டாமல் பார்த்தார். கால் சுற்று வந்தது. அரைச் சுற்று வந்தது. அப்புறம் திடீரென்று ஏதோ சமாதானமானதுபோல, அந்தக் கட்டை தன்பாட்டுக்குச் சுழன்று வெளியே வந்தது. உள்ளே மரை, நேற்று வெட்டியதுபோல் மினுங்கியது.

"அடேங்கப்பா!" என்றார் ஜீப்காரர். அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதைப் புகையென்றும் சொல்ல முடியாது, கேஸ் நெருப்பும் அணைந்திருந்தது.

"இன்னொண்ணு இருக்கு. அழுகைய மிச்சம் வையுங்க" என்றான் மைத்துனன்.

இரண்டாவதும் வந்தது. பிறகு வேலை ஓடியது. குழாயின் வாய்த்தகடு, நட்டு மாட்டுகிற ஒரு காதில் விரிசல் விட்டிருந்ததால் அதை அறுத்துத் தள்ளிவிட்டு, தடித்த தகட்டில் புதிதாக வெட்டி வெல்டு வைத்தான். கண்ணாடித் துண்டின்மேல் சாக்பீஸ் தேய்த்து, அதில் தகட்டை ஒற்றி, எங்கே ஒட்டவில்லை என்று பார்த்துப் பார்த்து அரம் போட்டான். நடுவில் இரண்டு பேரும் ஆளுக்கு நாலு துண்டு ரொட்டியை ஆறிப்போன டீயில் முக்கித் தின்றார்கள். இணைப்பின் இடுக்கை அடைக்கிற காஸ்கெட் இந்த வண்டிக்குக் கிடைக்காது என்பதால் செம்புத் தகட்டில் வளையம் வெட்டினான். அதைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டு எடுத்து ஜீப்காரரிடம் நீட்டினான். கொஞ்ச நேரத்துக்கு முன் விறைத்துக்கொண்டு நின்ற தகடு, விரலால் அமுக்கினால் அமுங்கியது.

"இத எறுக்கினா ரெண்டு பக்கத்துக் குழியிலயும் போய்ப் படிஞ்சுக்கும். புகை போறதுக்கு வழியே இருக்காது."

ஒரு ரூபாய்க் காசின் கனம்கூட இல்லை. இதற்கு இந்தப் பக்கம் உயிர், அந்தப் பக்கம் அது இல்லை. ஜீப்காரர் அதை இரண்டு கையிலும் வாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். கீழே போட்டுவிடுவோமோ என்று பயமாக இருந்தது.

மூன்று ஸ்டட்டும் புதிது, நட்டு மூன்றும் பித்தளை. கழற்றிப்போட்ட பட்டை வீட்டில் எங்கேயோ கிடக்கிறது என்பதால் பழைய டயரை அறுத்துப் புதிய தாங்கி ஒன்று செய்தான். தரை ஓட்டைகளுக்குத் தகடு வைத்து ரிவிட் அடித்து, ஓரமெல்லாம் பசை பூசினான். பிளாஸ்டிக் ஷீட்டை ஜீப்காரரே கிழித்து எறிந்தார்.

"இப்பப் பாக்கலாம்" என்று மைத்துனன் பின்பக்கக் குழாயின் வாயில் துணியைத் திணித்து, கம்ப்ரஸர் காற்றை உள்ளே விட்டான். சோப்புத் தண்ணீரில் பிரஷை முக்கி, இணைப்பைச் சுற்றிலும் பூசினான். "ஓட்டை இருந்தாக் கொமிழி வரும். பாத்துச் சொல்லுங்க."

ஜீப்காரர் மூக்கு இடிக்கிற தூரத்தில் முகத்தை வைத்துக்கொண்டு பார்த்தார். சோப்புத் தண்ணீர் செம்பு வளையத்தின் ஓரத்தில் ஒரு மெல்லிய தோலாக நின்றது. உள்ளே காற்று முட்டி மோதுகிற சத்தம் கேட்டது. தோல் அசையவில்லை. அவர் ஒரு நிமிஷம் பார்த்தார், இரண்டு நிமிஷம் பார்த்தார்.

"என்ன மாமா, வருதா?"

"ஒண்ணுகூட இல்லடா" என்றார். "ஒண்ணுகூட இல்ல."

வண்டியைக் கிளப்பினார்கள். இரண்டு மாதமாகக் கர்ஜித்துக்கொண்டிருந்தது, தொண்டையைச் செருமிக்கொண்டு கிசுகிசுவென்று ஓடத் தொடங்கியது. கூரைத் தகரத்தில் மழைத்துளி விழுவது அதற்கு மேலாகக் கேட்டது. மணி இரண்டு இருபது.

"நானும் வரேன்" என்று மைத்துனன் பட்டறைக் கதவைச் சாத்தினான். "அக்காகிட்ட யாரு சொல்றது?"

"நான் சொல்றேன்."

வீட்டு வாசலில் மைத்துனன் இறங்கவில்லை. ஜீப்காரர் தனியாக உள்ளே போனார். பக்கத்து வீட்டு அம்மாள் எழுந்து போக, அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மூச்சு காலையில் இருந்ததைவிட மேலும் கீழும் வாங்கியது. அவர் எதிரில் தரையில் உட்கார்ந்து, பட்டையைக் கழற்றியதிலிருந்து கரிவிரல் வரைக்கும், ஓட்டையில் தொடங்கி பிளாஸ்டிக் ஷீட் வரைக்கும், ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். நர்ஸம்மா அஞ்சு மணிக்கு மெஷின் பிடித்து வைத்திருப்பதையும் சொன்னார்.

"உன்னப் படுத்துனது வியாதி இல்ல, மெஷினும் இல்ல. நான்தான். என் கையாலதான்."

அவள் அவர் கையில் அப்பியிருந்த கரியைப் பார்த்தாள்.

"கட்டில் வந்ததுல இருந்துதான்னு எனக்குத் தெரியும்" என்றாள்.

"தெரியுமா!"

"புகைன்னு தெரியாதுங்க. பழைய வண்டி, அந்த வாடை இருக்கத்தான் செய்யும்னு விட்டுட்டேன். படுத்துக்கிட்டுப் போறதுதான் ஒத்துக்கலன்னு நெனச்சேன். முன்னாடி உக்காந்து வந்தப்ப எனக்கு ஒண்ணுமே ஆகலியே."

"அப்பச் சொல்ல வேண்டியதுதானே? கட்டில் வேணாம்னு ஒரு வார்த்த?"

"எப்படிச் சொல்றது?" அவள் மூச்சு வாங்கிக்கொண்டாள். "கையெல்லாம் கொப்புளமா ராத்திரி பகலா அதைச் செஞ்சீங்க. ஊரையே கூப்பிட்டுக் காட்டினீங்க. வண்டியில பத்து வாட்டி திரும்பிப் பாத்து, சுகமா இருக்கான்னு கேக்குறீங்க. அந்த மூஞ்சியப் பாத்து வேணாம்னு எப்படிங்க சொல்வேன்? மெஷின் வேணாம்னு சொல்றது சுலபமா இருந்துச்சு."

ஜீப்காரர் மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். தன்னோடு ஒரே கூரையின் கீழ் இருபத்தாறு வருஷமாக இருக்கிற இந்த மனுஷி, தன் மனது நோகக் கூடாது என்று உயிரையே விடத் துணிந்திருக்கிறாள். அவருக்கு முதலில் கோபம் வந்தது. அந்தக் கோபம் வந்த வேகத்தில் எங்கேயோ போய்விட்டது. மலையடிவாரத்தில் நின்று உச்சியைப் பார்க்கிறவன்போல அவளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அஞ்சு மணின்னுதானே சொன்னாங்க?" என்று அவள் கையை நீட்டினாள். "தூக்கிவிடுங்க. பாத்துட்டே இருந்தா நேரமாகுது."

வாசலில் அக்காவைக் கண்டதும் மைத்துனன் வண்டியிலிருந்து குதித்தான். "என்னடா மூஞ்சியெல்லாம் கரி" என்று அவள் அவன் கன்னத்தைத் தன் புடவைத் தலைப்பால் துடைத்தாள். அவன் பின்பக்கமாக ஏறி அந்தக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டான்.

ஜீப்காரர் முன்பக்கக் கதவைத் திறந்து, அவளைத் தாங்கி ஏற்றி, ஜன்னலை முழுக்க இறக்கிவிட்டார். ஈரக்காற்று அடித்தது. அவசரமாக வீட்டுக்குள் ஓடிப்போய் ஒரு போர்வையை எடுத்து வந்தார்.

"குளுரும். இதப் போத்திக்க."

அவள் போர்வையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். உதட்டை ஒரு தடவை மடித்துக்கொண்டாள்.

"வேணாங்க" என்றாள்.

அவர் ஆசையாகக் கொண்டுவந்து கொடுத்த ஒன்றை அவள் வேண்டாம் என்றது இதுதான் முதல் தடவை. போர்வையைச் சுருட்டிப் பின்னால் மைத்துனன் மடியில் எறிந்துவிட்டு, ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். வண்டியைக் கிளப்பும் முன், "இன்னொரு வாட்டி சொல்லு" என்றார்.